செல்போன் பில் மென்பொருளுக்கு ஒரு சோதனை நாள்: மணவாளக்குறிச்சிக் கடைவீதிக்கு ஒரு திட்டம்

மொத்தக் கடையில் அரிசி மூட்டை எடுக்கும்போது குத்தூசி போட்டு நாலு மணி அரிசியைக் கையில் கொட்டிப் பார்க்காமல் நம்மில் யாரும் விலை பேசுவதில்லை. ஆனால் அதே நாம்தான், கடையின் கல்லாவையும் பற்றுக் கணக்கையும் ஒப்படைத்திருக்கும் செல்போன் மென்பொருளில் ‘புதிய வசதிகள் வந்துள்ளன, புதுப்பிக்கவும்’ என்று திரையில் எழுத்து வந்ததும், எதிரில் நிற்கும் வாடிக்கையாளருக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டே கட்டைவிரலால் அமுக்கிவிடுகிறோம். மூட்டையில் புழு இருந்தால் மூட்டை திரும்பிப் போகும். மென்பொருளில் புழு இருந்தால் ஆறு மாதப் பற்றுக் கணக்கு போய்விடும்.

இதற்கு மாற்று உண்டு. புதிய வசதி எல்லாக் கடைகளுக்கும் போகுமுன், விருப்பமுள்ள சிலர் ஓரிடத்தில் கூடி, ஒரு நாள் முழுக்க அதை உருட்டிப் புரட்டிப் பார்த்து, குறைகளை எழுதிக் கொடுப்பது. இதைத்தான் மென்பொருள் தொழிலில் ‘டெஸ்ட் டே’, அதாவது சோதனை நாள் என்கிறார்கள். பயர்பாக்ஸ் என்னும் இணைய உலாவியைத் தயாரிக்கும் மொசில்லா நிறுவனம் இதைப் பல ஆண்டுகள் நடத்தியது. நாள் குறிப்பார்கள், எந்தெந்தப் புதிய வசதி என்று பட்டியல் தருவார்கள், பல நாட்டுத் தன்னார்வலர்கள் தங்கள் சொந்தக் கணினியிலும் செல்போனிலும் அந்தப் படிகளைச் செய்து பார்த்து ‘சரி’, ‘தவறு’ என்று குறிப்பார்கள். கூலி கிடையாது. அவர்கள் அன்றாடம் புழங்கும் பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறைதான்.

நம் நாட்டு வணிகத்திலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. இன்று கடைதோறும் கியூ.ஆர். அட்டையாகத் தொங்கும் யு.பி.ஐ. முறை 2016 ஏப்ரல் 11 அன்று 21 வங்கிகளுடன் முன்னோட்டமாகவே தொடங்கப்பட்டது. வங்கிகளின் செயலிகள் பொதுமக்கள் கைக்கு வரத் தொடங்கியது ஆகஸ்ட் 25-ல்தான். இடைப்பட்ட நான்கு மாதம் சோதித்துச் சரிசெய்த காலம். சிறு கடைகளையும் ஆன்லைன் வியாபாரத்தில் சேர்க்க மத்திய அரசின் முயற்சியால் உருவான ஓ.என்.டி.சி. வலையமைப்பு 2022 ஏப்ரல் 29 அன்று டெல்லி, பெங்களூரு, போபால், ஷில்லாங், கோயம்புத்தூர் ஆகிய ஐந்து இடங்களில் முன்னோட்டம் பார்க்கப்பட்டது. பிறகு செப்டம்பர் 30-ல் பெங்களூரில் 16 பின்கோடு பகுதிகளில் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். முதலில் சில கடை, அடுத்து சில தெரு, அதன் பிறகே ஊர் என்பது அதன் வரிசை. தமிழ்நாட்டில் அந்த வாய்ப்பு கோவைக்குக் கிடைத்தது. கோவையின் கடையும் நம் கடையும் ஒன்றல்ல என்பதால்தான் நாமும் சோதிக்க வேண்டும் என்கிறேன்.

யார் மென்பொருளைச் சோதிப்பது?

பெரிய நிறுவனங்கள் நம் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கங்களில் நம் பிள்ளைகளே கல்லூரி முடித்துவிட்டுப் பில் போடும் செயலி எழுதுகிற காலம் இது. அவர்களுக்கு நம் தேவை இருக்கிறது. கூகுள் பிளே கடையில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கிய எவரும் தங்கள் செயலியைப் பொதுவில் வெளியிடுமுன், வெளியாட்களைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனை நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர் வேண்டும் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள். அந்த 12 பேரையும் தேடித் திண்டாடி, கடைசியில் கல்லூரி நண்பர்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். கல்லூரி நண்பனுக்குப் பற்று வரவு தெரியுமா? மணவாளக்குறிச்சியில் 12 பலசரக்குக் கடைக்காரர்கள் சேர்ந்தால் செயலி எழுதுபவருக்கும் லாபம், நமக்கும் லாபம்.

தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே மூன்று விஷயங்களைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய வசதிகளின் பட்டியல் தமிழில் வேண்டும். சோதனைக்கான தனிப் பதிப்பு வேண்டும். குறைகளுக்கு எத்தனை நாளில் பதில் தருவார் என்ற உறுதி வேண்டும். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்: அன்றைக்கு விற்பனை கிடையாது. ‘இன்று சேர்ந்தால் பாதி விலை’ என்று யாராவது ஆரம்பித்தால் சோதனை நாள் கண்காட்சியாகிவிடும். குறை சொல்ல வந்தவர்களும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

நாளும் ஆளும்

மாதத்தின் முதல் வாரம் வேண்டாம். மண்டைக்காட்டு மாசிக் கொடை நடக்கும் பத்து நாளும் அதை ஒட்டிய நாட்களும் வேண்டவே வேண்டாம்; ஓணம், கிறிஸ்துமஸ் முன்வாரங்களும் அப்படியே. மாதக் கடைசியில் ஒரு செவ்வாய் அல்லது புதன், மதியம் 2 மணி முதல் 5 மணி வரை பொருத்தம். கடையை அடைக்க வேண்டியதில்லை, பையனை நிறுத்திவிட்டு வரலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் யாராலும் கவனமாகச் சோதிக்க முடியாது. நாலாவது மணியில் எல்லாம் ‘சரி’ என்றுதான் எழுதுவார்கள்.

ஆள் தேர்வில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். செல்போனில் கெட்டிக்காரப் பையன்களாகப் பார்த்துக் கூப்பிடக் கூடாது. அவர்கள் குறையைச் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்தவர்கள். குறை அவர்கள் கண்ணில் படாது. அறுபது தாண்டிய அண்ணாச்சி ஒருவர், கணவருக்கு மாற்றாக மாலையில் கல்லாவில் உட்காரும் அக்கா ஒருவர், பொட்டலம் கட்டும் பையன் ஒருவன், மொத்த வியாபாரி ஒருவர் எனக் கலந்து இருக்க வேண்டும். கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரியும் என்பவர் அவசியம் வேண்டும். அதேபோல் போன்களும் கலந்திருக்க வேண்டும்: ஐந்து வருடப் பழைய போன், நினைவகம் நிரம்பிய போன், திரை கீறிய போன். ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல்., வோடபோன் ஐடியா ஆகிய நான்கு சிம்களும் இருக்கட்டும். சங்க அறையின் வைஃபையில் மட்டும் சோதித்துவிட்டுக் கலைவது, குளிரூட்டிய அறையில் குடை வாங்குவது போன்றது. ஒரு மணி நேரமாவது அவரவர் கடைக்குப் போய், சரக்கு அடுக்கிய இருட்டு மூலையில் சிக்னல் கிடைக்கும் அளவில் சோதிக்க வேண்டும்.

மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர், மூன்றாமவர் கையில் தாளும் பேனாவும். மூன்றாமவர் வாய் திறக்கக் கூடாது. ‘அண்ணாச்சி, அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்குங்க’ என்று அவர் சொல்லிவிட்டால் அந்தப் பொத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை என்ற குறை அங்கேயே மறைந்துவிடும்.

உண்மைக் கணக்கைத் தொடாதீர்கள்

சோதனைக்கு உங்கள் நடப்புப் பற்றுப் பேரேட்டைப் பயன்படுத்தக் கூடாது. கற்பனைப் பெயரில் பத்து வாடிக்கையாளர், ஐம்பது சரக்கு, மாதிரி இருப்பு என்று முன்கூட்டியே ஒரு பொய்க் கணக்கைத் தயார் செய்து எல்லாப் போனிலும் ஏற்றிவிட வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள். கணக்கு அழிந்தால் நஷ்டம் இல்லை. அதோடு, வாடிக்கையாளரின் பெயரும் செல் நம்பரும் பாக்கியும் அவர் நம்மை நம்பித் தந்தவை; 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருமுன்பே அதை ஊரார் முன் திறந்து காட்டாதது நம் கடை மரியாதை.

எதைச் சோதிப்பது?

தயாரிப்பாளர் தரும் பட்டியல் பெரும்பாலும் அவருக்குப் பிடித்த வசதிகளாகவே இருக்கும். நமக்கு நஷ்டம் வரக்கூடிய இடங்களை நாமே சேர்க்க வேண்டும். என் கணிப்பில் நேரத்தில் பாதியைப் பற்றுக் கணக்குக்கும் பணவரவுக்கும் ஒதுக்கலாம்.

பற்றுக் கணக்கு நம் ஊரில் ஒரே மாதிரி ஓடுவதில்லை. மணல் ஆலையில் சம்பளம் வாங்குபவர் மாதக் கணக்கு. கடலுக்குப் போகிறவர் மீன்பாடு கண்ட அன்று தருவார். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் பாக்கி ஏறிக்கொண்டுதான் போகும். முப்பது நாள் தாண்டியவர்களுக்கெல்லாம் ‘உங்கள் பாக்கியை உடனே செலுத்தவும்’ என்று தானே செய்தி அனுப்பும் வசதி பட்டணத்துக் கடைக்குச் சரியாக இருக்கலாம். இங்கே தடைக்காலத்தில் அப்படி ஒரு செய்தி போனால் மூன்று தலைமுறை வாடிக்கை அறுந்துபோகும். ஆகவே, அந்த வசதியை ஆளுக்கு ஆள் நிறுத்திவைக்க முடிகிறதா, நிறுத்தியது அடுத்த புதுப்பிப்புக்குப் பிறகும் நின்றிருக்கிறதா என்பதை முதலில் சோதியுங்கள்.

அடுத்தது இரண்டு போன் சோதனை. கடையில் அப்பா ஒரு போன், வீட்டில் மகன் ஒரு போன், இரண்டிலும் ஒரே கணக்கு. ஒரு வாடிக்கையாளரின் பழைய பாக்கி 2,400 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு போனிலும் இணையத்தை அணைத்துவிடுங்கள். அப்பா 320 ரூபாய்க்குச் சரக்கு கொடுத்துப் பற்று எழுதட்டும். அதே நேரம் வீட்டுக்கு வந்து 500 ரூபாய் தந்ததை மகன் வரவு எழுதட்டும். இப்போது இரண்டு போனிலும் இணையத்தைத் திறந்தால் பாக்கி 2,220 என்று வர வேண்டும். 2,720 வந்தால் மகன் எழுதிய வரவு அழிந்தது. 1,900 வந்தால் அப்பா எழுதிய பற்று அழிந்தது. கடைசியாக வந்ததை வைத்து முந்தியதை அழிக்கும் மென்பொருள் இப்படித்தான் செய்யும். முதல் தவறில் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். இரண்டாவது தவறை யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

பணவரவைச் சோதிக்க உண்மையிலேயே 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அனுப்பும் நொடியில் வாடிக்கையாளர் போனில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு கடைக்காரர் போனில் துண்டியுங்கள். ‘நிலுவையில்’ என்று நிற்கும் பணத்தை மென்பொருள் பில்லில் எப்படிக் காட்டுகிறது? வந்ததாகக் காட்டினால் அது பெருங்குறை. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் நாடு முழுக்க யு.பி.ஐ. தடுமாறியது நினைவிருக்கும். ஏப்ரல் தடங்கலுக்கு, சில வங்கிகளிலிருந்து ‘பணம் போனதா, போனதா’ என்று நிலையறியும் கேள்விகள் திரும்பத் திரும்பக் குவிந்ததே காரணம் என்று கண்டார்கள். அதன் பிறகு இத்தகைய கேள்விகளுக்கு வரம்பு வந்தது. ஆகவே ‘மீண்டும் பார்’ பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கச் செய்யும் மென்பொருள் நமக்கு உதவாது. பணம் வந்ததும் தானே சொல்கிறதா, ஒலிபெருக்கி சொல்லும் தொகையும் பில்லில் ஏறும் தொகையும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

வாடிக்கையாளர் போனில் தெரியும் பச்சை அடையாளத்தைப் பார்த்துச் சரக்கு கொடுப்பது ஆபத்து என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பணம் போனதாகப் பொய்த்திரை காட்டும் போலிச் செயலிகளைக் கொண்டு பல ஊர்களில் கடைக்காரர்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சோதனையின்போது கடைக்காரர் வாடிக்கையாளரின் திரையைப் பார்க்காமல் திரும்பி நின்று, தம் போனை மட்டும் வைத்துப் பணம் வந்ததை எத்தனை நொடியில் உறுதி செய்கிறார் என்று எழுதுங்கள். பத்து நொடிக்கு மேல் ஆனால், கூட்ட நேரத்தில் அவர் வாடிக்கையாளர் திரையைத்தான் பார்ப்பார்.

சில்லறைக் கணக்கும் பார்க்கத் தக்கது. கிலோ 44 ரூபாய் சரக்கில் 350 கிராம் 15.40, கிலோ 120-ல் 120 கிராம் 14.40, கிலோ 160-ல் 140 கிராம் 22.40. மொத்தம் 52.20, ஆக 52 ரூபாய். சரக்குக்குச் சரக்கு பைசாவைத் தள்ளும் மென்பொருளில் இது 51 ஆகும். ஒரு ரூபாய்தானே என்று விடலாம். சில பில்லில் அது நமக்குச் சாதகமாகவும் வரும். ஆனால் கல்லாவும் கணக்கும் இரவில் பொருந்தாமல் பையனைச் சந்தேகப்படும் நிலை இதிலிருந்துதான் வருகிறது.

வரி மாற்றத்துக்கு ஒரு சோதனை வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் ஒரே இரவில் மாறியபோது சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. மாற்றத்துக்கு முந்திய நாள் போட்ட பில்லில் உள்ள சோப்பு திரும்பி வந்தால் பழைய விகிதப்படி கழிய வேண்டும்; புதிய விகிதத்தில் கழித்தால் கணக்குத் தவறு. மாதிரிக் கணக்கில் இப்படி ஒரு பில்லை வைத்துச் சோதியுங்கள். முத்திரையிட்ட 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீதம், சாக்கிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசிக்கு வரி இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிவிடும் மென்பொருளும் உண்டு.

நம் பேச்சு வழக்கு அவர்களுக்குத் தெரியாது

இந்தச் சோதனையைக் கோவைக்காரரோ சென்னைக்காரரோ நமக்காகச் செய்ய முடியாது. அங்கே சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை. இங்கே அது சீனி. சர்க்கரை என்று கேட்டால் நாம் வெல்லத்தை எடுக்கிறோம். பட்டணத்தில் எழுதிய சரக்குப் பட்டியலை அப்படியே ஏற்றினால் வெல்லம் விற்று வெள்ளைச் சீனியின் இருப்பு குறையும். ‘சீனி’ என்று தேடினால் மரச்சீனிக் கிழங்கும் சேர்ந்து வரும் என்பது வேறு வேடிக்கை. மட்டி, செந்துளுவன், ஏத்தன் என்று குலைகளைக் குலைக் கணக்கில் வாங்கிக் கிலோவில் விற்கிறோம். தேங்காயை எண்ணி வாங்கி எடை போட்டும் விற்கிறோம். வாங்கும் அலகு ஒன்று, விற்கும் அலகு வேறு என்பதை மென்பொருள் ஏற்கிறதா? குரலில் சொல்லித் தேடும் வசதி இருந்தால் நம் பேச்சில் சொல்லிப் பாருங்கள். பிறகு அதே பெயர்களைச் சின்னப் பில் அச்சுப் பொறியில் அச்சிடுங்கள். திரையில் அழகாக இருந்த தமிழ் தாளில் கட்டம் கட்டமாக விழுவது சாதாரணம். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ எழுத்துகளும் கொம்பு போட்ட எழுத்துகளும் தாளில் சிதைகின்றனவா என்று குறிப்பாகக் கவனியுங்கள்.

கடைசியாக மின்சாரம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தை அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் ஊர் இருண்டு கிடந்தது. அப்போதும் கடையில் அரிசியும் மெழுகுவத்தியும் விற்க வேண்டியிருந்தது. போனை விமான நிலையில் வைத்து இருபது பில் போடுங்கள். போனை அணைத்துத் திறங்கள். இருபதும் இருக்கிறதா? பிறகு ஒரு போன் தொலைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வேறொரு புதுப் போனில் அதே கணக்கைத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் பாருங்கள். இதில் தேறாத மென்பொருளுக்கு மற்ற எதில் எத்தனை மதிப்பெண் கிடைத்தாலும் நான் கடையில் இடம் தரமாட்டேன்.

குறையை எழுதும் முறை

‘சரியில்லை’, ‘மக்கர் பண்ணுது’ என்று எழுதினால் தயாரிப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு குறைக்கு ஒரு தாள். என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எந்தப் போன், எந்தப் பதிப்பு, மணி என்ன, மறுபடி செய்தபோதும் வந்ததா என்பவை அதில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: ‘3.10 மணி. இணையம் இல்லாமல் 7 பில் போட்டேன். இணையம் வந்ததும் 7-ம் இருக்க வேண்டும். 6 இருந்தது, மூன்றாவது இல்லை. மறுபடி செய்தேன்; இம்முறை 7-ம் இருந்தன.’ ஒரு தடவை மட்டும் வந்த குறை என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. எப்போதாவது வரும் குறைதான் கண்டுபிடிக்கக் கடினமானது. திரையைப் படமெடுத்துச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

மாலையில் டீயும் வடையும் வந்தபின் தாள்களை மூன்றாகப் பிரியுங்கள். பணம் அல்லது கணக்கு போகிற குறை ஒரு கட்டு. வேலை தடைப்படுகிற குறை ஒரு கட்டு. எழுத்து சின்னது, நிறம் பிடிக்கவில்லை போன்றவை ஒரு கட்டு. மூன்றாவது கட்டுதான் எப்போதும் தடிமனாக இருக்கும். தயாரிப்பாளரும் எளிது என்பதால் அதைத்தான் முதலில் திருத்தித் தருவார். முதல் கட்டு முழுவதும் தீராமல் சங்க உறுப்பினர் எவரும் அந்தப் பதிப்பைக் கடையில் ஏற்றுவதில்லை என்று அன்றே முடிவெழுதிக் கையெழுத்திட்டு ஒரு நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தாள்களின் நகல் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். மூன்று நான்கு வாரம் கழித்துத் திருத்திய பதிப்பு வரும்போது அதே ஆட்கள், அதே போன்கள், அதே தாள்கள். முதலில் பழைய குறைகள் போயினவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, முன்பு ‘சரி’ என்று எழுதியவற்றையும் விடாமல் மறுபடி பார்க்க வேண்டும். ஓட்டை அடைக்கப் போய் வேறு ஓடு உடைவது மென்பொருளில் அன்றாடம் நடப்பது. இந்த இரண்டாவது சோதனைக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.